வீட்டில் முடிச்சுச் சாயம் போட்ட சட்டை வெளுத்துவிட்டது: எங்கே தவறினேன்?

லெனேசியா மல்லிகை எழுதியது:

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செப்டம்பர் 24 ஆம் தேதி, தென்னாப்பிரிக்காவின் மரபு நாளன்று, என் மகளும் அவளுடைய தோழிகள் நால்வரும் ஒரே மாதிரியான முடிச்சுச் சாயச் சட்டை அணிவது என்று தங்களுக்குள் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். சாயம் போடுவது யார் என்ற கேள்வி எழுந்தபோது எல்லோரும் என் மகளைப் பார்த்திருக்கிறார்கள். அவளோ என்னை ஒரு வார்த்தை கேட்காமலே தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள். ஐந்து சட்டைகளையும் ஒரே நாளில் கெடுத்துவிடக் கூடாதே என்று, இங்கே குளிர்காலமான இந்த ஜூலை விடுமுறையில் இரண்டு சட்டைகளை மட்டும் வைத்து ஒத்திகை பார்த்தேன். அந்த ஒத்திகையின் விளைவைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

கைவினைப் பொருள்கள் விற்கும் ஒரு கடையில் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்று சாயத்தூள்களை வாங்கினேன். குளிர்ந்த நீரிலேயே பருத்தியில் பிடிக்கக்கூடிய ரியாக்டிவ் சாயம் என்று உறையில் எழுதியிருந்தது. துணியை முதலில் சோடா ஆஷ் கரைத்த நீரில் ஊறவைக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது. அது கிடைக்காததால், எல்லாம் சோடாதானே என்று எண்ணி, சமையல் சோடாவை இரண்டு மேசைக்கரண்டி எடுத்து ஒரு வாளி நீரில் கரைத்துக்கொண்டேன். ஒரு சட்டை கடையிலிருந்து வாங்கி உறை பிரித்த புதுச் சட்டை. மற்றொன்று என் கணவர் ஓடப் போகும்போது அணியும் பழைய வெள்ளைச் சட்டை. இரண்டையும் நடுவில் கிள்ளிப் பிடித்துச் சுருளாகத் திருகி, ரப்பர் வளையங்களை மாட்டி, ஆறு பங்காகப் பிரித்து, சிவப்பையும் மஞ்சளையும் நீலத்தையும் ஊற்றினேன். சிவப்போடு நீலத்தைக் கலந்து ஊதா செய்து, அதை மஞ்சளுக்குப் பக்கத்தில் ஊற்றினேன். பிறகு பிளாஸ்டிக் பையில் கட்டிப் பின்கட்டுத் திண்ணையில் இரவு முழுவதும் வைத்தேன். மறுநாள் காலையில் புல்லின்மேல் வெண்பனி உறைந்திருந்தது.

அலசியபோது, பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் போல வாளி வாளியாகச் சாயம் இறங்கியது. இறுதியில் புதுச் சட்டையில் எஞ்சியது வெளிறிய இளஞ்சிவப்பும், ஊதாவும் மஞ்சளும் சந்தித்த இடத்தில் சேற்று நிறமும்தான். தையல்கள் எல்லாம் சாயமே தொடாதது போல வெள்ளையாக நிற்கின்றன. என் கணவரின் சட்டையோ, ஒன்றும் நடவாதது போல மறுபடியும் வெள்ளையாகிவிட்டது. அவருக்கு அதில் மகிழ்ச்சி, எனக்கு இல்லை.

சாயம் போலியா, சோடா தவறா, அல்லது என் கைதான் சரியில்லையா? வினிகரில் ஊறவைத்தால் இனியாவது சாயம் நிற்குமா? அதுவும் பலிக்காவிட்டால், அந்தச் சேற்று நிறத்தை ஜிக் என்ற குளோரின் வெளுப்பானை ஊற்றி வெளுத்துவிட்டு மீண்டும் தொடங்கலாமா? தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


ஃபீனிக்ஸ் தையல்காரி எழுதியது:

சகோதரி, வருந்தாதீர்கள். எங்கள் வீட்டில் புதிதாக வாங்கிய வண்ணத் துணி எதுவானாலும், முதல் முறை துவைப்பதற்கு முன் ஒரு கைப்பிடி கல் உப்பும் அரைக் கோப்பை வினிகரும் கலந்த நீரில் ஓர் இரவு ஊறவைப்பது வழக்கம். என் தாயார் அப்படித்தான் செய்வார்; இன்றும் நான் தைத்துக் கொடுக்கும் சிவப்புத் துணிகளுக்கு அதையே செய்கிறேன். அடுத்த முறை அலசுவதற்கு முன்பே சட்டைகளை வினிகரில் போட்டுவிடுங்கள், சாயம் கட்டாயம் நிற்கும். தையல் வெள்ளையாக நிற்பதற்குக் காரணம் நூல்தான். ஆயத்த ஆடைகளைப் பெரும்பாலும் பாலியெஸ்டர் நூலால்தான் தைக்கிறார்கள். அதற்கு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது.


வைகைக்கரை எழுதியது:

மதிப்பிற்குரிய லெனேசியா சகோதரிக்கு, நான் மதுரையில் பிறந்து, துணிச் சாயத் தொழிலைப் படித்து, இப்போது ஜோஹன்னஸ்பர்க்கில் வேறு வேலை பார்ப்பவன். உங்கள் சாயம் போலியன்று, உங்கள் கையும் பழுதன்று. சாயத்திற்கு வேண்டிய நான்கில் மூன்றை நீங்கள் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

பழைய வீட்டுச் சாயங்களில் பல, பருத்தி இழைக்குள் புகுந்து அங்கே ஒட்டிக்கொண்டிருப்பவை; ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். ரியாக்டிவ் சாயம் அப்படியல்ல. 1956 ஆம் ஆண்டில் ஐ.சி.ஐ. என்ற ஆங்கில நிறுவனம் புரோசியான் என்ற பெயரில் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்த இந்த வகைச் சாயம், பருத்தி இழையின் மூலப்பொருளான செல்லுலோஸுடன் வேதிப் பிணைப்பால் இணைந்து, துணியின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. பிணைந்துவிட்டால் கொதிநீரில் போட்டாலும் போகாது. பிணையாவிட்டால் எதைச் செய்தாலும் நிற்காது. அது பிணைவதற்குச் செல்லுலோஸ் இழை வேண்டும், போதிய காரம் வேண்டும், ஓரளவு வெப்பம் வேண்டும், நேரம் வேண்டும். நேரத்தை மட்டும் நீங்கள் தாராளமாகக் கொடுத்திருக்கிறீர்கள்.

முதலில் காரம். சமையல் சோடா என்பது சோடியம் பைகார்பனேட், சோடா ஆஷ் என்பது சோடியம் கார்பனேட். பெயரில் இரண்டெழுத்து வேறுபாடு போலத் தோன்றினாலும், சமையல் சோடாக் கரைசலின் காரத்தைக் காட்டும் பி.எச். அளவு எட்டரைக்கு மேல் போவதில்லை. சோடா ஆஷ் கரைசல் ஏறக்குறைய 11 வரை போகும். அந்த அளவுகோலில் ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கைக் குறிப்பதால், இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு பல நூறு மடங்கு. பருத்தி இழை சாயத்தோடு கைகோக்கத் தொடங்குவது அந்த உயர்ந்த காரத்தில்தான். லிட்டருக்கு 50 முதல் 60 கிராம் சோடா ஆஷ் கரைத்து, கட்டிய சட்டையை அதில் கால்மணி முதல் இருபது நிமிடம் ஊறவைத்து, நன்றாகப் பிழிந்த பிறகே சாயம் ஊற்ற வேண்டும். சொட்டச் சொட்ட இருந்தால் சாயம் நீர்த்து, ஒரு நிறம் இன்னொன்றின் எல்லைக்குள் ஓடிவிடும்.

அடுத்தது குளிர். குளிர்நீர்ச் சாயம் என்று உறையில் எழுதியிருப்பதை நம்பித்தான் பலரும் ஏமாறுகிறோம். கொதிக்க வைக்கத் தேவையில்லை என்பதே அதன் பொருள்; பனியில் வைக்கலாம் என்பதன்று. இந்தச் சாயத்திற்கு 21 டிகிரிக்குக் குறையாத வெப்பம் வேண்டும், 25 அல்லது 30 ஆக இருந்தால் இன்னும் நல்லது. டர்பனில் கடற்கரைச் சூட்டால் ஜூலை இரவுகள் இவ்வளவு குளிர்வதில்லை, ஆனாலும் வெளியே வைத்தால் அங்கேயும் அந்த வெப்பம் இரவில் கிடைக்காது. நாமோ கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேலே உட்கார்ந்திருக்கிறோம். ஜூலை இரவுகளில் ஐந்து டிகிரிக்குக் கீழே இறங்குவது இங்கே புதிதல்ல. பொதுவாகப் பத்து டிகிரி குறையும்போது வேதிவினையின் வேகம் பாதியாகிறது என்று ஒரு தோராயக் கணக்கு வைத்துக்கொண்டால், உங்கள் திண்ணையில் அந்தச் சட்டைகள் இரவு முழுவதும் தூங்கியிருக்கின்றன என்றுதான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது துணி. உங்கள் கணவர் ஓடப் போகும்போது அணிவது அனேகமாகப் பாலியெஸ்டர். அதில் செல்லுலோஸ் கிடையாது. எனவே இந்தச் சாயத்தைப் பொறுத்தவரை அது கண்ணாடிக் குவளைக்குச் சமம். அந்தச் சட்டையை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். புதுச் சட்டை பருத்திதானா என்று ஐயம் இருந்தால், துணியிலிருந்தே ஓர் இழையை உருவிச் சாமணத்தில் பிடித்து, கழுவுதொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தியானால் காகிதம் எரியும் மணம் வரும், பூப்போன்ற சாம்பல் மிஞ்சும். பாலியெஸ்டரானால் உருகிச் சுருண்டு, ஆறியபின் கடினமான மணியாக நிற்கும். இரண்டும் கலந்திருந்தால் சாம்பலும் மணியும் சேர்ந்தே இருக்கும். சாயமும் அந்த விகிதத்தில்தான் பிடிக்கும். உறை பிரித்த புதுத் துணியில் நெசவாலையின் பசையும் மென்மைப்படுத்தும் பூச்சும் இருக்கும் என்பதால், சூடான நீரில் சலவைத்தூள் போட்டு ஒரு முறை துவைத்து, மென்மையூட்டி ஏதும் ஊற்றாமல் அலசிய பிறகே சாயத்திற்குக் கொண்டு வர வேண்டும்.

வினிகரைப் பற்றி: ஃபீனிக்ஸ் சகோதரியின் தாயார் செய்ததை நான் குறை சொல்லவில்லை. பட்டுக்கும் கம்பளிக்கும் போடும் அமிலச் சாயங்களுக்கு வினிகர் துணைதான். ஆனால் ரியாக்டிவ் சாயம் காரத்தில் பிணைகிறது. அலசுவதற்கு முன் அதை வினிகரில் போட்டால், காரம் அமிலத்தோடு சேர்ந்து அடங்கிவிடும். நடந்துகொண்டிருக்கும் பிணைப்பும் அதோடு நின்றுவிடும். ஒரு முறை கழுவிப் போன சாயத்தை உப்பாலோ வினிகராலோ திருப்பி அழைக்க முடியாது. வாளியில் நீங்கள் பார்த்த பீட்ரூட் நீர், சட்டையோடு சேர வேண்டிய சாயம் சேராமல் வெளியேறியதே. எல்லாம் சரியாகச் செய்தாலும் ஒரு பகுதி தண்ணீரோடே வினைபுரிந்து வீணாகத்தான் போகும். ஆகவே அடுத்த முறை வாளி சிவந்தால் உடனே மனம் தளர வேண்டாம்.

ஜிக் வேண்டவே வேண்டாம். வினிகரும் ஜிக்கும் ஒரே வாளியில் சந்தித்தால் குளோரின் வாயு வெளிவரும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. நீங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டையும் எண்ணிப் பார்த்திருக்கிறீர்கள் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். இளஞ்சிவப்புச் சட்டை பருத்தி என்று உறுதியானால் வெளுக்கவே தேவையில்லை, அதன் மேலேயே மீண்டும் கட்டிச் சாயம் போடலாம். சேற்று நிறம் இருக்கும் இடத்தில் அடர்நீலம் விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சேறு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை, மஞ்சளும் சிவப்பும் சேர்ந்தால் செம்மஞ்சள், சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா. எல்லைகள் கலந்தாலும் அழகு கெடாது. ஊதாவுக்குள் ஏற்கெனவே சிவப்பும் நீலமும் இருக்கின்றன. அதை மஞ்சளின் பக்கத்தில் வைத்தால் மூன்றும் ஒன்றாகிப் பழுப்புதான் வரும். பச்சையைச் சிவப்புக்குப் பக்கத்திலும், செம்மஞ்சளை நீலத்துக்குப் பக்கத்திலும் வைத்தாலும் இதே கதைதான். மூன்று அடிப்படை நிறங்களை மட்டும் வரிசையாக ஊற்றிவிட்டு, மற்றவை தாமே பிறக்கட்டும் என்று விட்டுவிடுவது எளிது.

எங்கள் ஊர்ச் சுங்குடிச் சேலையைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். மதுரைச் சௌராஷ்டிரர் கைகளில் வளர்ந்து, 2005 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற அந்தச் சேலையில், துணியை நுனிவிரலால் கிள்ளி எடுத்து நூலால் இறுகச் சுற்றிய ஒவ்வோர் இடமும் ஒரு வெள்ளைப் புள்ளியாக நிற்கும். முடிச்சு தளர்ந்தால் புள்ளி இல்லை. (இப்போது சுங்குடி என்ற பெயரில் விற்பவற்றில் பெரும்பாலானவை மெழுகு அச்சில் வருபவை, கையால் முடிச்சிட்டதைத் தேடித்தான் வாங்க வேண்டும்.) அந்த இறுக்கத்தை ரப்பர் வளையத்திலும் காட்டுங்கள். ஈரத் துணியில் கட்டினால் மடிப்புகள் நன்றாகப் படியும், இறுக்கமும் கூடும். குழந்தைகள் ஒரே மாதிரியாக வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள் அல்லவா? திருகிய சுருள் இரண்டு ஒன்றுபோல வராது. மார்பில் ஒரு பெரிய வட்டமும் சுற்றிலும் சிறு புள்ளிகளும் என்று பென்சிலால் குறித்து, பச்சைப்பயறோ கொண்டைக்கடலையோ உள்ளே வைத்து நூலால் கட்டினால் ஐந்தும் ஏறக்குறைய ஒன்றாக வரும்.

இன்னும் ஒன்று. சாயத்தூளைக் கரைக்கும்போது முகக்கவசமும் கையுறையும் அணியுங்கள். இந்தத் தூளைத் திரும்பத் திரும்ப மூச்சில் இழுத்தவர்களுக்கு நாளடைவில் ஆஸ்துமா போன்ற ஒவ்வாமை வரக்கூடும். ஒரு கோப்பைத் தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டித் தூள் போதும், அதற்கு எடுத்த கரண்டி சமையலறைக்குத் திரும்பக் கூடாது. சோடா கலந்த நீரைச் சாயப் புட்டியில் ஊற்றாதீர்கள். காரம் பட்ட கணத்திலிருந்து சாயம் தண்ணீரோடு வினைபுரியத் தொடங்கி, சில மணி நேரத்தில் பயனற்றுப் போகும். வெறும் நீரில் கரைத்ததைக் குளிர்பெட்டியில் சில நாள் வைத்திருக்கலாம்.


லெனேசியா மல்லிகை எழுதியது:

ஐயா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. நேற்று மாலையே இழையைக் கொளுத்திப் பார்த்தேன். முதலில் ஓரத்திலிருந்து உருவிய நூல் உருகி மணியாகிவிட்டது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று கோபம் வந்தது. பிறகுதான் நான் கொளுத்தியது தையல் நூல் என்று புரிந்தது. துணியிலிருந்தே உருவியபோது சாம்பல்தான் மிஞ்சியது. ஆகவே புதுச் சட்டை பருத்திதான். ஓடும் சட்டை நீங்கள் சொன்னபடியே பாலியெஸ்டர்.

இரண்டு கேள்விகள் மிச்சம் இருக்கின்றன. சோடா ஆஷ் இங்கே எங்கே கிடைக்கும்? குளிர் முடியும் வரை காத்திருக்காமல் இப்போதே செய்ய வழி உண்டா? செப்டம்பரில் வெயில் வந்துவிடும் என்றாலும், அதற்குள் இன்னொரு முறை தவறினால் மீண்டும் செய்ய நேரம் இருக்காது.


சாட்ஸ்வொர்த் பேரன் எழுதியது:

அம்மா, வணக்கம். நீச்சல்குளப் பொருள்கள் விற்கும் கடையில் கேட்டுப் பாருங்கள். குளத்து நீரின் பி.எச். அளவை உயர்த்துவதற்கென்று விற்கும் தூள் பெரும்பாலும் சோடா ஆஷ்தான். ஆனால் உறையின் பின்புறம் சோடியம் கார்பனேட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள். பைகார்பனேட் என்று இருந்தால் அது உங்கள் சமையல் சோடாவேதான், பெரிய வாளியில் வருகிறது, வேறொன்றுமில்லை. சலவைச் சோடா கிடைத்தாலும் பயன்படுத்தலாம். அது படிகமாக இருந்தால் அதில் பாதிக்கும் மேல் தண்ணீர் என்பதால், தூளைப் போல ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு எடை எடுக்க வேண்டும்.

எதுவும் கிடைக்காவிட்டால் உங்கள் அடுப்பறையிலேயே செய்துகொள்ளலாம். சமையல் சோடாவை அகலமான தட்டில் மெல்லியதாகப் பரப்பி, மின்சார அவனில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால், நீராவியும் கரியமில வாயுவும் வெளியேறிச் சோடியம் கார்பனேட் மிஞ்சும். 100 கிராம் உள்ளே வைத்தால் ஏறக்குறைய 63 கிராம்தான் வெளியே வரும். எடை குறைந்திருக்கிறதா என்று பார்த்தே மாறிவிட்டதா என்று சொல்லிவிடலாம். அலுமினியத் தட்டு வேண்டாம். எடுத்த தூள் கையைக் கரிக்கும், கையுறையோடு தொடுங்கள்.

இதைப் படித்தபோது என் ஆயாவின் நினைவு வந்தது. காவடிக்கு முன் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் வேட்டிகளுக்கு மஞ்சள் முக்குவது அவருடைய வேலை. அரைத்த மஞ்சளை வெந்நீரில் கரைத்து, துணியை முக்கிப் பிழிந்து, நிழலில்தான் உலர்த்துவார். வெயிலில் போட்டால் திட்டுவார். மஞ்சள் நிறம் வெளிச்சத்தில் விரைவாக வெளுக்கும் என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு முறை, மஞ்சள் முக்கிய வேட்டியை என் அத்தை சோப்புப் போட்டுத் துவைக்க, அது குங்குமமாகச் சிவந்துபோய், வீட்டில் பெரிய கலவரமே நடந்தது. சோப்பின் காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், எலுமிச்சைச் சாறு விட்டால் திரும்ப மஞ்சளாகும். குழந்தைகள் இயற்கைச் சாயம் வேண்டும் என்று கேட்டால், ஒரு மஞ்சள் சட்டையை முடிச்சிட்டு முக்கிக் கொடுங்கள். ஒரு நாள் அணிய அழகாகத்தான் இருக்கும். ஆனால் சோடா ஆஷில் ஊறிய துணியில் மட்டும் மஞ்சளைக் காட்டாதீர்கள்.


கேப் டவுன் கடற்காற்று எழுதியது:

அலசுவதைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. அதனால் நான் சொல்கிறேன். 2018 இல் எங்கள் நகரத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் தண்ணீர் என்று கட்டுப்பாடு வந்தபோது, நான் முடிச்சுச் சாயத்தைக் கைவிட மனமில்லாமல் தண்ணீரைக் குறைக்க வழி தேடினேன். ஓடும் குழாயின் கீழே மணிக்கணக்கில் பிடிப்பதைவிட, சிறிதளவு நீரில் ஊறப்போட்டு நீரை மாற்றுவதே மேல் என்று அப்போது கற்றுக்கொண்டேன். பின்னர் அணைகள் நிரம்பிவிட்டாலும் அந்தப் பழக்கம் போகவில்லை.

கட்டை அவிழ்க்காமலே முதலில் குளிர்ந்த நீரில் அலசுங்கள். மேலே நிற்கும் சோடாவும் உதிரிச் சாயமும் அதில் போய்விடும். அவிழ்த்த பிறகு இன்னொரு குளிர்நீர். அதன் பிறகுதான் கை பொறுக்காத சூட்டில் வெந்நீர். பிணையாமல் இழைக்குள் ஒளிந்திருக்கும் சாயத்தை வெந்நீர்தான் வெளியே இழுக்கும். சில மணி நேரம் அதிலேயே கிடந்தால் இன்னும் நன்றாக வரும். தண்ணீர் தெளியும் வரை மூன்று நான்கு முறை மாற்றினால் போதும். முதலிலேயே வெந்நீரில் போட்டால், சோடா இன்னும் துணியில் இருக்கும் நிலையில் உதிரிச் சாயம் வெள்ளைப் பகுதியில் போய்ப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் பாடுபட்டுக் கட்டிய புள்ளிகள் இளஞ்சிவப்பாகிவிடும். அந்த நீரைத் தோட்டத்தில் ஊற்ற வேண்டாம், அவ்வளவு சோடாவைச் செடிகள் தாங்கா.

வெப்பத்திற்கு என் வழி இது. கடற்கரைக்கு எடுத்துச் செல்லும் கூலர் பாக்ஸ் குளிரை மட்டுமன்று, சூட்டையும் உள்ளே பிடித்து வைக்கும். இரண்டு வெந்நீர்ப் பைகளைத் துண்டில் சுற்றி அடியில் வைத்து, மேலே நன்றாகக் கட்டிய சாயப் பைகளை அடுக்கி, மூடி, வீட்டுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். படுக்கப் போகும் முன் ஒரு முறை வெந்நீரை மாற்றினால் காலை வரை வெதுவெதுப்பு இருக்கும். சூட்டைப் பிடித்து வைத்துச் சோறு வேகவைக்கும் வொண்டர்பேக் என்ற துணிப்பையை இதற்கு எடுக்க எண்ணுபவர்கள் உண்டு. சாயப் பை கசிந்தால் அது மீண்டும் சமையலுக்கு ஆகாது என்பதை நினைவில் வையுங்கள்.


ஃபீனிக்ஸ் தையல்காரி எழுதியது:

வினிகரைப் பற்றி நான் எழுதியதை வைகைக்கரை ஐயா திருத்தியது சரிதான். நேற்று ஒரு சிவப்புத் துண்டை இரண்டாக வெட்டி, ஒன்றை வினிகரிலும் மற்றொன்றை வெறும் நீரிலும் ஊறவைத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே அளவுதான் சாயம் இறங்கியது. என் தாயார் இருந்திருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

தையல் வெள்ளையாக நிற்பது பிடிக்காவிட்டால், பருத்தி நூலால் தைத்த சட்டை கிடைக்கிறதா என்று தேடாதீர்கள், கிடைப்பது அரிது. ஃபோர்ட்ஸ்பர்க்கில் ஓரியண்டல் பிளாசாவுக்குப் போனால் பருத்திப் பின்னல் துணி மீட்டர் கணக்கில் வாங்கலாம். பருத்தி நூலை வாங்கி நீங்களே தைத்துக்கொண்டால் சாயம் தையலிலும் ஏறும். ஆனால் ஐந்து சட்டைகளைத் தைக்க வேண்டும். என்னைக் கேட்டால், வெள்ளைத் தையலோடு விட்டுவிடுவேன்.


லெனேசியா மல்லிகை எழுதியது:

மீண்டும் வணக்கம். இரண்டாம் ஒத்திகை முடிந்துவிட்டது, முடிவைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நீச்சல்குளக் கடையில் சோடியம் கார்பனேட் என்று தெளிவாக அச்சிட்ட தூளே கிடைத்தது. பழைய இளஞ்சிவப்புச் சட்டையையும், துவைத்து எடுத்த இன்னொரு புதுச் சட்டையையும் நான்கு லிட்டரில் 220 கிராம் கரைத்து ஊறவைத்தேன். புதுச் சட்டையில் என் மகளே கொண்டைக்கடலை வைத்து 40 முடிச்சுகள் போட்டாள். ஒன்றிரண்டு கடலையைப் போகிற போக்கில் வாயிலும் போட்டுக்கொண்டாள், சாயம் தொடுவதற்கு முன்புதான். கூலர் பாக்ஸில் வெந்நீர்ப் பைகளோடு 20 மணி நேரம் இருந்தது. குளிர்நீர், அவிழ்ப்பு, குளிர்நீர், வெந்நீர் என்று சொன்ன வரிசையிலேயே அலசினேன். நான்காம் முறை நீர் தெளிந்துவிட்டது.

சிவப்பு சிவப்பாகவே நிற்கிறது. மஞ்சளும் அப்படியே. முடிச்சுகளில் 31 தெளிவான வெள்ளை வட்டங்களாக வந்திருக்கின்றன, மற்றவை தளர்ந்துவிட்டன. தளர்ந்தவை பெரும்பாலும் என் மகள் களைத்துப்போன பிறகு கட்டியவை. பழைய சட்டையின் சேற்று நிறம் அடர்நீலத்தின் அடியில் மறைந்துவிட்டது, உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. தையல்கள் வெள்ளையாகவே நிற்கின்றன. குழந்தைகள் அதை வேண்டுமென்றே போட்ட கோடு என்று நினைக்கிறார்கள், நானும் திருத்தவில்லை.

ஒரே ஒரு குறை. கடல்நீர் போன்ற வெளிர் நீலம் வேண்டும் என்று குழந்தைகள் கேட்டதால் டர்க்காய்ஸ் என்ற சாயத்தை இம்முறை புதிதாக வாங்கி, சட்டையின் கீழ்ப் பகுதியில் ஊற்றியிருந்தேன். மற்ற நிறங்கள் இவ்வளவு நன்றாக நிற்க, அது மட்டும் அலசும்போது நிறைய இறங்கி வெளிறிவிட்டது. இதற்கும் என் தவறு ஏதேனும் உண்டா?


வைகைக்கரை எழுதியது:

மகிழ்ச்சி, சகோதரி. டர்க்காய்ஸில் உங்கள் தவறு எதுவும் இல்லை. அந்தச் சாயத்தின் மூலக்கூறு மற்றவற்றைவிடப் பெரியது. இழைக்குள் நுழையவும் மெதுவாகவே நுழைகிறது, வினைபுரியவும் கூடுதல் வெப்பம் கேட்கிறது. சிவப்பு விரைந்து பிணைந்துகொள்ளும் நேரத்தில் இது இன்னும் வாசலில்தான் நிற்கும். சிவப்போடு டர்க்காய்ஸைக் கலந்து ஊதா செய்தவர்களுக்கு ஓரங்களில் நிறங்கள் தனித்தனியாகப் பிரிந்து தெரிவதும் இதனால்தான்.

ஐந்து சட்டைகளைச் செய்யும்போது டர்க்காய்ஸ் கரைசலை மட்டும் மற்றவற்றைப் போல ஒன்றரை மடங்கு அடர்த்தியாகக் கரைத்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான நீரில் கரைத்து, முதலில் அதை ஊற்றிவிட்டுப் பிறகு மற்ற நிறங்களுக்குப் போங்கள். கூலர் பாக்ஸில் 20 மணி நேரத்திற்குப் பதிலாக 30 மணி நேரம் விட்டு, வெந்நீரை மூன்று முறை மாற்றுங்கள். செப்டம்பர் நடுவில் செய்வதாக இருந்தால், பகலில் கண்ணாடி மூடிய காருக்குள் வெயிலில் வைத்தாலே போதுமான சூடு கிடைக்கும். அடியில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பைப் போட மறக்க வேண்டாம். முதல் மூன்று நான்கு சலவை வரை அந்தச் சட்டைகளைத் தனியாகத் துவைக்கும்படி மற்ற நான்கு அம்மாக்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.